பஞ்சைக் கடித்த மீன்

திருடனைப் பிடிக்க வந்தவர்களை அந்த நிலையத்தில் முதலில் கை கழுவச் சொன்னார்கள்.

வாசலில் ஒரு தடவை, படியேறியதும் ஒரு தடவை. இயக்குநர் அறைக்கு வெளியே காவலர் ஒருவர், பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர் மாதிரி பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, கையை நீட்டுங்க," என்றாள் என் மருமகள்.

"ரேகை அழிஞ்சுடும்மா. நாளைக்கு நான் ஏதாவது குற்றம் பண்ணினா நீ எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நீங்க பண்ணினா ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் பண்ணுவீங்க. நீட்டுங்க."

நீட்டினேன்.

என் மருமகள் துப்பறிவாளர். முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தானாகத் தீப்பிடித்த கடைகள் எப்படித் தானாகத் தீப்பிடித்தன என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதால் வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் கப்பலில் சமையல்காரன். நடுக்கடலில் உப்புத் தீர்ந்துபோய்த் தவித்த சமையல்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். என் மகன், அதாவது அவள் புருஷன், நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்க முடியாமல் வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவன். இந்த வழக்கில் அவனுக்கு வேலை இல்லை.

அது கடல் உயிர்களை ஆராய்கிற நிலையம். இயக்குநர் அறையில் சுவர் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் இல்லை. அத்தனையும் சான்றிதழ். நடுநாயகமாக, 'கிருமியில்லா வளாகம், முதல் பரிசு' என்று ஒன்று, ஜன்னல் அகலத்துக்கு. அதன் கீழே அவர் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்.

"பஞ்சு திருடு போயிடுச்சு," என்றார்.

"தலையணையிலயா, மெத்தையிலயா?" என்றேன்.

"கடற்பஞ்சு." என்னைப் பார்க்காமல் என் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "கடலடியில பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பார்த்தா செடி மாதிரி தெரியும், ஆனா பிராணி. தண்ணியை உறிஞ்சி, வடிகட்டி, அதுல இருக்கறதைச் சாப்பிடும். எங்க ஐந்தாம் தொட்டியில இருக்கற பஞ்சுல ஒரு விஷம் இருக்கு. அந்த விஷத்துல இருந்து புற்றுநோய்க்கு மருந்து செய்யலாம்னு நான் கண்டுபிடிச்சேன்."

அந்த 'நான்' வரும்போது மட்டும் அவர் குரல் மாடியேறி இறங்கியது.

"போன வாரம் வரைக்கும் விஷம் இருந்தது. இந்த வாரம் சோதிச்சா துளிகூட இல்ல. அப்போ என்ன அர்த்தம்? அசலைத் தூக்கிட்டு டூப்ளிகேட்டை வெச்சுட்டாங்க. மத்தியானம் மருந்துக் கம்பெனியில இருந்து பார்க்க வர்றாங்க, மேடம்."

மேஜைமேல் இருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார். போன வியாழக்கிழமை மாலை எடுத்த காமிரா படம். கண்ணாடி போட்ட ஒரு பெண், பெரிய ஃபிளாஸ்க் ஒன்றைப் பச்சைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

"இங்க ஆராய்ச்சி பண்றவங்க. பஞ்சு டாக்டர்னு கூப்பிடுவாங்க. வந்ததுல இருந்து அந்தப் பஞ்சுதான் உலகம். ஃபிளாஸ்க்குல என்னன்னு கேட்டேன். காபிங்கறாங்க. காபியை யாராவது இப்படித் தூக்கிட்டுப் போவாங்களா?"

"என் காபியா இருந்தா இன்னும் ஜாக்கிரதையா தூக்கிட்டுப் போவாங்க," என்றேன். "கொட்டினா தரை ஓட்டையாயிடும்."

"குற்றவாளியை நான் கண்டுபிடிச்சாச்சு. பஞ்சு எங்கேங்கறதை மட்டும் நீங்க கண்டுபிடிங்க." புகார் எழுதிய தாளைக் கையுறை விரலால் தட்டினார். "மத்தியானத்துக்குள்ள வரலேன்னா இது போலீசுக்குப் போகுது. அதுக்கப்புறம் எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் அந்தம்மா கால் வைக்க முடியாது."

ஐந்தாம் தொட்டி இருந்த அறைக்குக் காவலர் எங்களை அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் நான் மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தேன்.

"என்ன மாமா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா ஏன் இழுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்கறதுதான் விஷயம். கடற்பிராணி வெச்சிருக்கற இடத்துல நாத்தம் வரணும். இங்க ஆஸ்பத்திரி வாசனை வருது."

தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே பாறைமேல் பஞ்சு. நாள்பட்ட சோப்புக்கட்டி மாதிரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நீல உடம்பும் மஞ்சள் கோடுமாக ஒரு மீன். விருந்தாளிகள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

என் மருமகள் டார்ச்சை அடித்து, பஞ்சின் அடிப்பக்கம் பார்த்தாள். "மாமா, இது என்ன?"

எண் எழுதின பிளாஸ்டிக் பட்டை. பாதிதான் வெளியே தெரிந்தது. மீதியைப் பஞ்சு தன் சதைக்குள் இழுத்து மூடியிருந்தது. வேலியோர மரம் முள்கம்பியை விழுங்கிக்கொண்டு வளருமே, அப்படி.

"டூப்ளிகேட் வைக்கிறவன் பட்டையை ஒட்டலாம்," என்றாள். "விழுங்க வைக்க முடியாது. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். இது அசல்தான்."

"அப்போ திருடு போகவே இல்லையா?"

"போயிருக்கு. பெட்டி இருக்கு, நகையைக் காணோம்."

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைக் குவித்து, பஞ்சில் ஒரு கடி. கண்ணை உருட்டி ஒரு மெல்லல். திரும்பவும் ஒரு கடி.

"அம்மா, இந்த மீனைப் பாரு."

"கொத்துது."

"பசியில கொத்தலை. ருசிச்சுச் சாப்பிடுது. என் சமையலை யாரும் அப்படிச் சாப்பிட்டதில்ல, அதனால எனக்கு வித்தியாசம் சட்டுனு தெரியும். ஒரு தடவை எங்க சாப்பாட்டு மணிச் சத்தம் கேட்டு ஒரு திமிங்கிலம் கப்பலோடயே வந்தது. மிச்சத்தைக் கொட்டினோம். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, அப்புறம் எங்க கப்பலைக் கண்டாலே வேற சமுத்திரத்துக்குப் போயிடும்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. காவலர் பக்கம் திரும்பினாள். "இந்த மீனை எப்ப விட்டாங்க?"

"போன வாரம் ஆரம்பத்துல, மேடம். விட்ட புதுசுல பஞ்சுப் பக்கமே போகாது. மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கும். பாவமா இருக்கும். இந்தத் திங்கக்கிழமை வந்து பாக்கறேன், இப்படிக் கடிச்சுக்கிட்டு இருக்கு."

"சனிக்கிழமை?"

"சாயந்திரம் நான்தானே பூட்டினேன். அப்பவும் மூலையிலதான் நின்னுச்சு."

"ஞாயித்துக்கிழமை யார் வந்தாங்க?"

"லீவு, மேடம். ஐயாவைத் தவிர ஈ காக்கா வராது. ஈ வந்தாலும் ஐயா விடமாட்டார்."

என் மருமகள் டார்ச்சை அணைத்தாள். "பஞ்சுல விஷம் இருக்கறவரைக்கும் மீன் பயந்திருக்கு. ஃபிளாஸ்க் போனது வியாழன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் மீன் மூலையில நின்னிருக்கு. அப்போ ஃபிளாஸ்க்கோட விஷம் போகலை."

"அப்போ ஃபிளாஸ்க்குல என்ன?"

"அதைத்தான் கேட்கப் போறோம்." ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையை எடுத்தாள். "இவரையும் கூட்டிக்கிட்டுப் போலாம். நம்மகிட்ட இருக்கற ஒரே சாட்சி இவர்தான்."

அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் சாட்சியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் சிக்னலில் நின்றவர்கள் எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். மீன் என்னைப் பார்த்தது. எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பஞ்சு டாக்டர் வீடு ஒரு அடுக்குமாடியின் மேல்தளத்தில். நாங்கள் மணி அடிக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்து, தலை சொட்டச் சொட்ட ஒருவர் துண்டோடு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் சோப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இவங்க வீட்டுக்காரரா?" என்றேன்.

"ஆமா. ஆனா நான் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொந்த வீடு இருக்க எதிர்வீட்டுல குளிக்கிறவர் வீட்டுக் குளியலறையில யாரோ தங்கியிருக்காங்கன்னு அர்த்தம். விருந்தாளி வந்து எத்தனை நாளாச்சு?"

"வியாழக்கிழமையில இருந்து," என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. காமிராவில் பார்த்த அதே கண்ணாடி. உள்ளிருந்து ஒரு நாற்றம் எங்களைத் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனது. அழுகின கடற்பாசியில் மண்ணெண்ணெய் ஊற்றினால் வருமே, அது. எனக்கு அப்போதுதான் மனசு நிம்மதியானது.

பஞ்சு டாக்டர் பின்வாங்கிப் போய்க் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "காபின்னு சொன்னேன். அவ்வளவுதான். வேற எதுவும் சொல்றதுக்கில்ல."

"நீங்க சொல்ல வேண்டாம்," என்றாள் என் மருமகள். பையைத் தூக்கிக் காட்டினாள். "இவரை மட்டும் உள்ள விடுங்க."

பஞ்சு டாக்டர் மீனைப் பார்த்தார். மீன் வாயோரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"சாப்பிடுதா?" என்றார் மெதுவாக. "என் பஞ்சைச் சாப்பிடுதா?"

"திங்கக்கிழமையில இருந்து."

கதவிலிருந்து முதுகை எடுத்தார்.

குளியலறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, காற்றுக்குழாய், விளக்கு. நடுவில் செங்கல் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பஞ்சுத் துண்டு. மீனை விட்டோம். இரண்டு துடுப்பு போட்டது. நின்றது. பிறகு சம்பந்திச் சண்டையில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

"இதுல விஷம் இருக்கு," என்றாள் என் மருமகள். "அதுல இல்ல. ரெண்டும் ஒரே பஞ்சுதானே?"

"விஷத்தைப் பஞ்சு செய்யலை, மேடம்." பஞ்சு டாக்டர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். "உள்ள பாக்டீரியா குடியிருக்கு. ரெண்டு மூணு இல்ல. அதோட உடம்புல மூணுல ஒரு பங்குக்கு மேல அதுங்கதான். பஞ்சு இடம் குடுக்குது, வடிகட்டின தண்ணியில சாப்பாடு குடுக்குது. பதிலுக்கு அதுங்க விஷம் செஞ்சு பஞ்சைக் காப்பாத்துது. பஞ்சால ஓட முடியாது, கடிக்க முடியாது. விஷம் இல்லேன்னா போற வர்ற மீனெல்லாம் பந்தி போட்டுடும். அந்தச் செங்கல் நிறம்கூட அதுங்களோடதுதான்."

"குடித்தனக்காரங்களை மட்டும் தனியா எடுத்து வளர்க்க முடியாதா?"

"எத்தனையோ விதமா பார்த்துட்டேன். பஞ்சை விட்டு வெளிய வந்தா செத்துடுது. அதனாலதான் ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். துண்டு வளரும். அதுங்களும் கூடவே வளரும்."

"கொஞ்சம் இருங்க," என்றேன். "உள்ள இருந்து உழைக்கிறது ஒருத்தர். வெளியில தெரிஞ்சு பேர் வாங்கறது ஒருத்தர். இதை இன்னைக்குக் காலையில எங்கயோ சான்றிதழ் மாட்டின சுவத்துக்குக் கீழ பார்த்தேனே."

பஞ்சு டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "உயிரோட இருக்கற எதையும் வெளிய எடுத்துக்கிட்டுப் போனா நிலையத்துச் சட்டப்படி திருட்டு. உண்மையைச் சொல்லியிருந்தா இதையும் தூக்கிட்டுப் போயிருப்பார். அதான் காபின்னு சொன்னேன்."

"வியாழக்கிழமை தொட்டியில பஞ்சு நல்லாத்தானே இருந்தது? அப்பவே ஏன் பயந்தீங்க?"

"அன்னைக்கு அவர் என் அறிக்கையைப் படிச்சுட்டார்."

"படிக்கிறது குற்றமா?"

"அவர் எதையும் படிக்க மாட்டார், மேடம். மேல அவர் பேர் இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவார். இதை மட்டும் எப்படியோ ஒரு பக்கம் படிச்சுட்டார். என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே நான் ஃபிளாஸ்க்கைத் தேடி எடுத்துட்டேன். ஆனா அதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சார்னு நான் பார்க்கலை. இப்போ நான் சொன்னா யார் நம்புவாங்க?"

"நீங்க சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும்."

"தன்மேல குற்றத்தை எந்த மனுஷன் தானே சொல்லுவான்?"

என் மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்த அறையில எத்தனை சான்றிதழ்?"

"சுவரே தெரியலை."

"அப்போ சொல்லுவார்," என்றாள். "ஃபிளாஸ்க்கை எடுங்க."

நாங்கள் திரும்பியபோது மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த நரைத்த தலை அம்மாள் ஒருவர் ஐந்தாம் தொட்டி முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். யோசனையில் இல்லை. அவருக்கும் மூன்று தடவை கழுவிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இயக்குநர், கையில் புகார்த்தாள். பஞ்சு டாக்டரை நாங்கள் அறை வாசலிலேயே, கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம்.

"பஞ்சு கிடைச்சுதா?" என்றார் இயக்குநர்.

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், சார்." என் மருமகள் தொட்டியைத் தடவிப் பார்த்தாள். "நான் எவ்வளவோ இடம் பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமான தொட்டியைப் பார்த்ததில்ல. யார் செஞ்சது? கீழ வேலை செய்யறவங்களா?"

இயக்குநர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "நான்தான்."

"நீங்களே கண்ணாடியைத் துடைச்சீங்களா?"

"கண்ணாடியை யார் வேணும்னாலும் துடைக்கலாம், மேடம். நான் உள்ள சுத்தம் பண்ணினேன்."

"தண்ணியை மாத்தினீங்க."

"தண்ணி என்ன தண்ணி." இப்படிச் சின்ன விஷயத்துக்குப் பாராட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "பஞ்சுக்குள்ளயே சுத்தம் பண்ணினேன். இந்த நிலையத்துல யாருக்கும் தோணாதது. அறிக்கையைப் படிச்சேன். பஞ்சோட உடம்புல மூணுல ஒரு பங்கு பாக்டீரியான்னு போட்டிருக்கு. ஆடிப்போயிட்டேன். அந்தம்மாவைக் கூப்பிட்டு, 'இவ்வளவு நோயாளியா இருக்கே, இத்தனை நாள் ஏன் வைத்தியம் பாக்கலை?'ன்னு கேட்டேன். திருதிருன்னு முழிக்கிறாங்க. விருந்தாளிங்க வர்ற நேரத்துல, கிருமியில்லா வளாகத்துக்கு நடுவுல, இப்படி ஒரு அசிங்கமா? ஞாயித்துக்கிழமை நானே வந்தேன். மீன்களுக்கு நோய் வந்தா போடறதுக்கு ஸ்டோர்ல ஆன்டிபயாடிக் இருந்தது. டப்பா டப்பாவா போட்டேன்."

நரைத்த தலை அம்மாள் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றினார். "கிருமி எல்லாம் போயிடுச்சா?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல," என்றார் இயக்குநர். அவர் முகத்தில் அந்த நிமிஷம் இருந்த வெளிச்சத்துக்கு அந்த அறையில் விளக்கே வேண்டியிருக்கவில்லை.

"சார்," என்றார் அம்மாள். "எங்களுக்கு வேண்டிய மருந்தைச் செய்யறது அந்த பாக்டீரியாதான். அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்."

இயக்குநர் தொட்டியைப் பார்த்தார். தொட்டிக்குள் வெள்ளையாக, கடிபட்ட இடங்களோடு, முதல் பரிசு வாங்கும் சுத்தத்தோடு பஞ்சு உட்கார்ந்திருந்தது.

"ஆக, திருட்டு இல்லை," என்றாள் என் மருமகள். "குடியிருந்த அத்தனை பேரையும் ஒரே ஞாயித்துக்கிழமையில... எண்ணி முடியாத கொலை, சார்."

கதவைத் திறந்து பஞ்சு டாக்டர் உள்ளே வந்தார். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, செங்கல் நிறத் துண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினார். நான் மீனையும் அதில் விட்டேன். அது பழக்கதோஷத்தில் நேராகப் போய், பாதி வழியில் நிறம் தெரிந்து, ஓரத்துக்குத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து நின்றுகொண்டது.

"உயிரோட இருக்கு," என்றார் நரைத்த தலை அம்மாள்.

"அதுதான் திருட்டுப் பொருள்," என்றார் இயக்குநர். புகார்த்தாள் அவர் கையில் நிமிர்ந்தது. "ஃபிளாஸ்க். நான் சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க. அப்படின்னா இது சாட்சியப் பொருள்," என்றாள் என் மருமகள். "போலீஸ் வந்து துணியில கட்டி, அரக்கு வெச்சு, அலமாரியில பூட்டுவாங்க. கேஸ் முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் குடுப்பாங்க."

"நல்லாக் காஞ்சிருக்கும்," என்றேன். "பாத்திரம் தேய்க்கலாம்."

புகார்த்தாள் இரண்டாக மடிந்தது. நான்காக மடிந்தது. கோட்டுப் பைக்குள் போயிற்று.

"திருட்டுன்னு யார் சொன்னாங்க?" என்றார் இயக்குநர். "ஆபத்து வரும்னு தெரிஞ்சு, ஒரு துண்டை வெளிய பத்திரப்படுத்தச் சொன்னதே நான்..."

குரல் மாடியேறத் தொடங்கியது. நரைத்த தலை அம்மாள் கையை உயர்த்தி அதைப் பாதிப்படியில் நிறுத்தினார்.

"சார், மருந்து போட்டது நீங்கன்னு இப்பத்தான் சொன்னீங்க. காப்பாத்தினதும் நீங்கன்னு சொல்றீங்க. என் தலைமையகத்துல நான் ஒண்ணைத்தான் சொல்ல முடியும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் என் மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மீன் திரும்பவில்லை. கடைசியில் பஞ்சு டாக்டரைப் பார்த்தார்.

"காப்பாத்தினது..." தொண்டையைச் செருமினார். "அவங்க."

பழக்கமில்லாத வார்த்தை. வெளியே வரும்போது தொண்டையில் நாலு இடத்தில் இடித்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லி முடித்தபோது அவர் முகத்துக்கும் ஐந்தாம் தொட்டிப் பஞ்சுக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை.

"நல்லது," என்றார் அம்மாள். "அப்போ இனிமே இந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கோ, அவங்ககிட்டத்தான் எங்க கம்பெனி பேசும்."

இயக்குநர் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்கப் போனவர், நின்று, மேஜைமேல் இருந்த கிருமிநாசினிப் பாட்டிலை அமுக்கி, சாவியை முன்னும் பின்னும் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

பஞ்சு டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டார். அந்தப் பாட்டில் திரும்பி இந்தப் பக்கம் வந்துவிடப் போகிறதே என்று.

"உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிடுங்க," என்றேன். "இன்னைக்குச் சொந்த வீட்டுலயே குளிக்கலாம்னு."

அவர் சிரித்தார். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

நாங்கள் வெளியே வரும்போது வாசலில் அதே காவலர், அதே பாட்டில்.

"போகும்போதும் கழுவணும், மேடம். ஐயா உத்தரவு."

என் மருமகள் தன் கையை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "யாராவது குடியிருப்பாங்க."